வெட்டுகிறவனின் பத்தியம்

தட்டு ஆஸ்பத்திரிச் சுவரில் மோதி விழுந்தது. வறுத்த கறித்துண்டுகள் கட்டிலுக்கடியில் உருண்டன. அவன் மச்சானின் தாடையில் இன்னொரு குத்து விட்டான். அவன் கையில் சொருகியிருந்த குழாய் பிய்ந்து விரிப்பெல்லாம் ரத்தம்.

"தின்னு மாப்பிள. நீ செத்தா என் தங்கச்சிய யாரு பாப்பா?"

"நீதான். அதுக்குத்தானே அண்ணனாப் பொறந்த?"

இறைச்சிக்கூடத்தில் கழுத்தறுப்பது அவன் வேலை. இதயத்தில் பொருத்திய உலோக வால்வு ஓடும் சத்தம் கேட்பதால் கூட்டாளிகள் டிக்டிக் என்பார்கள். கோபம் மூக்குமேல். மனைவிக்கு முன்பல் ஒன்று இல்லை, அவன் கைவேலை. ஆனால் கறி, முட்டை எதுவும் தொடமாட்டான்.

"கொல்றதுக்குக் கூலி வாங்கறேன். தின்னா கணக்கு வேறயாயிடும்."

அவனுக்கு வந்த காய்ச்சல் விடவில்லை. வால்வில் கிருமியா என்று பார்த்தால் எக்கோ ஸ்கேனில் உலோகத்தின் நிழல் மறைத்தது. உறுதியாகத் தெரியாமல் நெஞ்சைத் திறக்க டாக்டர் தயாராக இல்லை. திறக்காமல் விட்டால் வால்வு பிய்ந்துவிடலாம். மிச்சமிருந்தது கதிர்மருந்துப் படம். சர்க்கரையோடு சேர்த்து மருந்தை ஏற்றுவார்கள். சீழ் பிடித்த இடம் அதை இழுத்துக்கொண்டு ஒளிரும். நல்ல இதயத்துக்கும் சர்க்கரை ஆசை உண்டு. அதை மறக்கடிக்கத்தான் பத்தியம்: சோறு, ரொட்டி, இனிப்பு கூடாது; கறி, முட்டை, வெண்ணெய் மட்டும். பிறகு பட்டினி.

மச்சான் அவன் தாடையைப் பிடித்துத் திணித்தான். என்ன சாப்பிட்டார் என்று படம் எடுக்கும் பெண் கேட்டபோது, "கறி மட்டுந்தான்" என்று பெருமையாகச் சொன்னான்.

திரையில் இதயம் முழுக்க எரிந்தது. வால்வு அந்த வெளிச்சத்தில் காணாமல் போயிருந்தது.

"என்ன குடுத்தீங்க?" என்றாள் படம் எடுப்பவள்.

"ரொட்டி" என்றாள் மனைவி. "ஜாம் தடவி. பசியில அழுதாரு."

மச்சான் அவளை அறைந்தான். உதடு கிழிந்தது. டிக்டிக் எழுந்து மச்சானின் கழுத்தைப் பிடித்து அந்த அறையின் ஈயக்கதவில் மோதினான். மோதிக்கொண்டே இருந்தான்.

"அவளை அடிக்க நீ யாருடா?"

"நீ யாருடா?"

காவலாளிகள் பிரித்தார்கள். அவள் உதட்டைத் துடைத்தாள். "ரெண்டு பேருக்கும் அடிக்க நாந்தான் கெடச்சேன். இனி நான் ஊட்டறேன். வாயத் தொற."

முதல் கவளத்தில் அவள் விரலைக் கடித்தான். அவள் இழுக்கவில்லை. கறியோடு அவள் ரத்தத்தையும் விழுங்கினான். பிறகு கடிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து எடுத்த படத்தில் இதயம் இருண்டிருந்தது. வால்வைச் சுற்றி மட்டும் ஒரு வளையம் தகதகத்தது.

"கிருமிதான்" என்றார் டாக்டர். "நாளைக்குத் தொறக்கறோம்."

மறுநாள் காலை நெஞ்செலும்பை அறுத்தார்கள். பழைய வால்வைச் சுற்றிச் சீழ் கட்டியிருந்தது. சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதைத் தைத்தார்கள். மச்சான் தலையில் கட்டோடு வேலைக்குப் போனான். அவள் கடிபட்ட விரலுக்கு ஊசி போட்டுக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். மாலையில் அவனைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். உயிர் இருந்தது. குழாய்களைப் பிய்த்துவிடாமல் இருக்கக் கை கால்களைக் கட்டி வைத்திருந்தார்கள்.