வெட்கப்பட்டு மறைத்த வேர்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்தப் பெருமை என் அப்பாவின் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது.

அப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு. புதுக்கடை ஊர் நாட்டு வைத்தியர் கொடுத்த அமல்பொரி வேர்ப்பொடியில் படபடப்பு அடங்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். வேறு மருந்து உண்டா என்று டாக்டரம்மா கேட்டபோது, நாட்டு வேரைச் சொல்ல வெட்கப்பட்டு இல்லை என்றேன். அவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

"ஏட்டி, ரெண்டையும் சேத்துக் குடுக்கலாமா?" என்றாள் அம்மா.

"இது இங்கிலீஷ் மாத்திரை. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"எனக்க மவ படிச்சவளாக்கும்," என்று அப்பா இரண்டையும் விழுங்கினார்.

ஒரு வாரம் கழித்துக் காலையில் எழுந்தவர் அப்படியே சரிந்தார். நாடி கிடைக்கவில்லை. வண்டியில் போகும் வழியெல்லாம் அவர் மூக்கில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆஸ்பத்திரியில் வேர்ப்பொடியைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

"பயந்தா ஒடம்புல ஊறி நெஞ்சப் படபடக்க வைக்கிற சுரப்ப அடக்குற மருந்துதான் நான் குடுத்த மாத்திரை. அமல்பொரி வேருலேருந்துதான் எடுக்காங்க. ரெட்டிப்பாக் குடுத்திருக்கியே!" என்றார் டாக்டரம்மா.

அப்பா பிழைத்துக்கொண்டார். இப்போதெல்லாம் வீட்டிலுள்ள பொடி, தைலம், கஷாயம் எல்லாவற்றையும் கூடையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறேன். "கடை போடப் போறியா மக்கா?" என்று வரிசையில் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். டாக்டரம்மா கடைசிக் குப்பியைப் பார்த்து முடிக்கும்வரை நான் உட்காருவதில்லை.