தங்கை அனுப்பிய குளிர்கால நிறங்கள்

என் தங்கை நர்ஸ் வேலைக்காக ஸ்காட்லாந்து போன முதல் குளிர்காலத்தில், போனை எடுத்தாலே ஒரே பாட்டுத்தான்.

"இங்க எல்லாமே சாம்பல்க்கா. வானம் சாம்பல், ரோடு சாம்பல். பிடிக்கவே இல்ல."

பகலில் நான் பாயான் லெப்பாஸ் பகுதியில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். சனி, ஞாயிறுகளில் ஜார்ஜ்டவுன் வீட்டுச் சமையலறையில் கம்பளி நூலுக்குச் சாயம் போடுகிறேன். இந்த வெயில் ஊரில் கம்பளியா என்று கேட்காதவர் இல்லை. ஆனால் ஏர்கோன் குளிர் அறையில் உட்கார்ந்து பின்னுகிறவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நூல் விற்கும் கடைக்காரம்மா அந்த டிசம்பரில் என்னிடம், "குளிர்கால நிறத்தில் ஆறு சிட்டம் நூல் வேண்டும்" என்றார். பனியை நான் ஃபிரிட்ஜுக்குள் மட்டுமே பார்த்திருக்கிறேன். இணையத்தில் தேடினால் எல்லாப் படத்திலும் அதே வெள்ளை, அதே நீலம்.

தங்கையிடம் சொன்னேன்: "நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வீட்டுக்கு நடந்து போவல்ல? தினமும் ஒரே ஒரு கலர் கண்டுபிடிச்சு அனுப்பு. சாம்பல் செல்லாது லா."

"உனக்கு வேற வேலையே இல்லையாக்கா?"

முணுமுணுத்துக்கொண்டே மறுநாள் ஒரு படம் அனுப்பினாள். பழைய கல்சுவரில் படர்ந்த மஞ்சள் பாசி. மஞ்சளோடு ஒரு சொட்டு பச்சை கலந்த அந்த நிறம் என்னிடம் இருந்த எந்தச் சாயப் பொட்டலத்திலும் இல்லை. அன்று மாலையே கலக்க ஆரம்பித்துவிட்டேன். அதற்கடுத்த நாள் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு நின்ற மரங்கள். "கிட்டப் போனா பழுப்பு. தூரத்துல பாரேன், கத்தரிக்கா கலர்!" நான்காம் நாளிலிருந்து கேட்கவே வேண்டியதில்லை. முள்செடியில் மிளகாய்ப்பழச் சிவப்பில் காய்கள், ஈரமான கற்பலகைக் கூரை, உறைந்த குட்டைக்கு அடியில் தெரிந்த பச்சை என்று ஒரு நாளைக்கு மூன்று நான்கு படங்கள் வந்தன. குரலிலும் பழைய தெம்பு திரும்பியிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு வேலை முடிந்து தொழிற்சாலை பஸ்ஸில் ஏறினேன். போன் அலறியது. அவளுக்கு அப்போது காலை ஒன்பது மணி.

"அக்கா, பாரு, பாரு! ராத்திரி பனி கொட்டிருக்கு!"

திரையில் ஒரு பூங்கா. அப்போதுதான் உதித்த சூரியனின் ஒளி பனி மேட்டின் மேல் இளஞ்சிவப்பாக விழுந்திருந்தது. மரங்களின் நிழலோ சுத்த நீலம். பனியில் நீல நிழலா! நான் சீட்டிலிருந்து எழுந்தே விட்டேன். பஸ் கிளம்பக் காத்திருந்த டிரைவர் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது? ஐஸ் கச்சாங்ல, சீவுன ஐஸ் மேல ரோஸ் சிரப் ஊத்துன மாதிரி இருக்கு!"

பஸ்ஸே சிரித்தது. அங்கே பனியில் நின்று அவளும் சிரித்தாள்.

மறுநாள் இளஞ்சிவப்பு, நீலம் இரண்டு சாயத்தையும் ஒரே பானையில் போட்டு நூலை முக்கினேன். செத்துப்போன ஊதா நிறம் வந்தது. அலுத்துப்போய் உட்கார்ந்திருந்தபோதுதான் டிரைவர் அண்ணன் சொன்னது உறைத்தது. ஊற்ற வேண்டும், முக்கக் கூடாது! வினிகர் தண்ணீரில் ஊறிய இன்னொரு சிட்டத்தைத் தட்டில் பரப்பினேன். வெளிர் நீலத்தைத் தெளித்து, ஆவியில் வேகவைத்தேன். நீலம் நூலில் பிடித்ததும், ரோஜா நிறத்தைக் கரண்டியால் மேலே மட்டும் சொட்டுச் சொட்டாக விட்டு மறுபடி வேகவைத்தேன். ஆறவிட்டு அலசினால் சாயம் கரையாமல் தண்ணீர் தெளிவாக ஓடியது. நூலில் ஒரு பக்கம் விடியல், மறுபக்கம் நிழல்.

ஜன்னலோரம் தொங்கவிட்டுத் தங்கைக்குக் காட்டினேன்.

"அத விக்காதக்கா. எனக்கு வேணும்."

"உனக்குப் பின்னவே தெரியாதே!"

"கத்துக்கிறேன் லா."

கடைக்காக, பாசி மஞ்சள் முதலான மற்ற ஐந்து சிட்டங்களோடு சேர்க்க, இன்னொரு சிட்டம் அதே மாதிரி போட்டேன். அதில் நீலம் கொஞ்சம் தூக்கல். கடைக்காரம்மாவுக்கு அதுதான் பிடித்தது. முதல் சிட்டம் தபாலில் போனது. கூட வேலை செய்யும் ஒரு நர்ஸிடம் பின்னக் கற்றுக்கொண்டு, ஓரமெல்லாம் கோணலாக ஒரு ஸ்கார்ஃப் முடித்து, அதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு தங்கை படம் அனுப்பினாள். வாயெல்லாம் பல். என் தொழிற்சாலைத் தோழிகள் அத்தனை பேரிடமும் அதைக் காட்டினேன்.