சடைக்குள் இருந்த எலும்பு

கொழும்பிலிருந்து வந்த அண்ணன் குசினி வாசலில் ஒரு பிரம்புக் கூடையை இறக்கி வைத்தார். உள்ளே பஞ்சுதான் இருக்கிறதென்று நினைத்தேன். பஞ்சு தும்மியது.

"பொமரேனியன்," என்றார் அண்ணன். "வீட்டுக்காரர் நாய் வளர்க்க ஏலாதெண்டிட்டார். வேறை வீடு பாக்கிறவரைக்கும் இஞ்சை நிக்கட்டும். கவனம் தங்கச்சி, இதுக்கு ஒண்டு நடந்தா என்ரை மகள் சோறு தின்னமாட்டாள்."

அடுத்த நாள் காலை பஸ்ஸில் அவர் போய்விட்டார்.

எங்கள் ஊர் கரம்பொனில் வீட்டு நாய் வேலிப் படலைக்குப் பக்கத்தில் கிடக்கும். உடைந்த சட்டியில் மீன் குழம்புச் சோறு, வாளியில் கிணற்றுத் தண்ணீர், அவ்வளவுதான். அம்மா சடைநாயையும் அப்படியே முருங்கையில் கட்டினார். அது கத்திய கத்தலில் ஒழுங்கையால் போனவர்களெல்லாம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். ஆட்களின் கண்ணில் படாமல் இருப்பதே பெரிய காரியமென்று இருந்தவள் நான். அவர்களை அனுப்புவதற்காகவே அவிழ்த்துவிட்டேன்.

அதன் பிறகு அது என்னை விடவில்லை. சமைக்கக் குசினிக்குப் போனால் குசினிக்கு வரும். வீட்டின் பின்பக்கக் கோடிக்குப் போனால் கோடிக்கு வரும். உட்கார்ந்தால் என் பாதத்தில் தாடையை வைக்கும். மூச்சு விடுவதற்குள் எழும்பி மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பவும் வைக்கும். காகத்துக்குக் குரைக்கும், காய்ந்த ஓலை விழுந்தாலும் குரைக்கும். அதோடு சேர்ந்து நானும் ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததைத் தொடங்கி, வீட்டுக்குள் சுற்றிக்கொண்டு திரிந்தேன்.

பிறகு அது சாப்பாட்டைக் குறைத்தது. தண்ணீர் வைத்தால் மணந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பியது.

"அண்ணையை நினைச்சு ஏங்குது," என்றார் அம்மா.

நானும் அப்படித்தான் நம்பினேன். ஒருநாள் குடிதண்ணீர்க் குடத்தின் அடியில் அது நின்றது. குடத்தின் வெளிப்புறத்தில் கசிந்த ஈரத்தை விடாமல் நக்கிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுக் கிணறு உவர். எங்கள் நாய் பிறந்ததிலிருந்து அதையே குடித்தது. கொழும்புக் குழாய்த் தண்ணீர் குடித்து வளர்ந்த இதற்கு அது இறங்கவில்லை.

"நல்ல தண்ணி மனிசருக்கே காணாது," என்று அம்மா குடத்தை மூடினார்.

அது உண்மைதான். கோடையில் ஊருக்கு ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. ஊறி வருமட்டும் காத்திருந்து, முறைப்படி வீட்டுக்கு ஒரு குடம். மாட்டுக்கோ ஆட்டுக்கோ அதில் ஒருவரும் அள்ளமாட்டார்கள். அள்ள நினைக்கவும் மாட்டார்கள்.

அன்று பின்னேரம் அதன் முதுகைத் தடவினேன். கை மயிருக்குள் இறங்கிக்கொண்டே போய்க் கடைசியில் எலும்பில் முட்டியது. வெளியே பார்த்தால் கொழுத்த ஆட்டுக்குட்டி. உள்ளே ஒன்றும் இல்லை. குடத்தையும் நாயையும் தூக்கிக்கொண்டு புறப்பட்டேன். வழியில் இரண்டு தரம் திரும்பிவிடப் பார்த்தேன்.

கிணற்றடியில் ஏழெட்டுப் பெண்கள். மீன் விற்கும் அக்கா ஒருவர் முன்னால் நின்றார். அவருடைய வாய்க்கு ஊரே பயம்.

"என்ன பிள்ளை, கொழும்பு மாப்பிளையோ இடுப்பிலை?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் என் முறை வந்ததும் குடத்தை நிரப்பி, ஓலையால் கோலிய பட்டையில் கொஞ்சம் ஊற்றி நாய்க்கு முன்னால் வைத்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"நல்ல தண்ணியையோ நாய்க்கு ஊத்திறீர்?" அக்கா காலால் பட்டையைத் தள்ளி மறித்தார். "இஞ்சை சனம் நாக்கு வறண்டு நிக்குது. உது கொழுத்துப்போய்க் கிடக்கு, அதுக்கென்ன கேடு?"

என்ன செய்கிறேன் என்று யோசிக்காமலே அவருடைய கையைப் பிடித்து நாயின் விலாவில், மயிருக்குள் அழுத்தினேன்.

கை அங்கேயே நின்றது. பிறகு மெல்ல முதுகெலும்பு வழியாகப் போனது.

"ஐயோ மாதாவே," என்றார் அக்கா. "வெறும் முள்ளெல்லே இது! எடியேய், இஞ்சை வந்து தொட்டுப் பாருங்கோடி."

ஒவ்வொருவராக வந்து தொட்டார்கள். அக்கா பட்டையைத் தானே எடுத்து அதன் வாயடியில் பிடித்தார். அது மூச்சு விடாமல் குடித்தது.

"உம்மடை குடத்திலையிருந்து குடுக்கிறதெண்டா நாங்கள் என்னத்துக்கு மறிக்கிறம்?" என்றார் அக்கா. "நாளைக்கும் கொண்டுவாரும். ஆனா ஒண்டு, வந்தா வாயைத் திறந்து கதைக்கவேணும்."

வீட்டில் அம்மா குடத்தை எட்டிப் பார்த்தார்.

"வழியிலை ஊத்திப்போட்டியோ?"

"நாய்க்குக் குடுத்தனான்."

அம்மா என்னையும் நாயையும் மாறிமாறிப் பார்த்தார். "அப்ப உனக்குப் பின்னேரத் தேத்தண்ணி இல்லை."

"ஓம்."

நாய் சுற்றாமல் என் பாதத்தில் படுத்து நித்திரையானது. கால் விறைத்தும் நான் அசையவில்லை. நாளைக்குக் கிணற்றடியில் அவர்களோடு என்னத்தைக் கதைப்பதென்று மனதுக்குள் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் சரிவரவில்லை.