வரிசையில் நின்ற டின்

இன்று சைக்கிள் கடையில் செயின் கழுவிய மண்ணெண்ணெய் வாசத்தில், அந்தக் காலத்துக் கள்ளக்குறிச்சி ரேஷன் கடைவாசலில் விடியும் முன்பே ஆட்களுக்குப் பதிலாக வரிசையில் நின்ற டின்கள் நினைவுக்கு வந்தன. "ஆளுக்குத்தான் கால் வலிக்கும், டின்னுக்கு இன்னா" என்று சொல்லிக்கொண்டே, அங்கே நிற்பவர்கள் வராதவர்களின் டின்னையும் காலால் முன்னே தள்ளுவார்கள்.

எங்கள் டின்னை அம்மா வைத்துவிட்டு வந்த ஒரு காலையில் அப்பா இறந்துபோனார். பெரியப்பா மலையிலிருந்து இறங்கி வரும்வரை, இரவு முழுக்க உடலை வைத்திருக்க வேண்டும். விளக்குக்குச் சொட்டு எண்ணெய் இல்லை.

மதியம் பக்கத்து வீட்டு மும்தாஜம்மா எங்கள் டின்னை நிரப்பி எடுத்து வந்தார். "யாரும் தாண்டலக்கா, தள்ளிக்கினே வந்தாங்க."

அம்மா அழவில்லை. டின்னைத் தூக்கிப் பார்த்து, "கடைக்காரன் கம்மியா ஊத்திக்கிறான்" என்றாள்.

நானும் தூக்கிப் பார்த்தேன். கனமாகத்தான் இருந்தது.