வாசலில் விட்ட மேலங்கி

பாண்டியம்மா அக்கா இறந்துபோன செய்தி அச்சகத்துக்குத் தொலைபேசியில் வந்தது. எங்கள் பக்கத்தில் பட்டாசுக் கம்பெனி ஆள் யார் இறந்தாலும் வெடி விபத்துதான் நினைவுக்கு வரும்; முதல் கேள்வி ஒன்றுதான். நானும் அதையே கேட்டேன்: "எந்த ரூமுல?"

"ரூமுல இல்ல பாய், வீட்லதான். காலையில நெஞ்சு வலிக்குதுன்னாக. ஆட்டோ வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்றார் அவருடைய தம்பி. கேட்டதும் ஒரு நொடி நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து வெட்கப்பட்டேன். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

எம். புதுப்பட்டிக் கம்பெனியில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. காலையில் வேன் வந்து நின்றதும் இரும்பு உரசிப் பொறி பறக்கக் கூடாதென்று உங்கள் கொண்டை ஊசியையும் சேலைப் பின்னையும் பிடுங்கி டப்பாவில் போட்ட போர்மேன் அவர். ஆனால் உங்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் எனக்குத் தெரியும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைவது என் தொழில். இரண்டு வருடம் முன்பு அக்கா ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். பெட்டியின் மேல் சிவப்பு உடையில், மேலங்கி பறக்க, ஒருவன் ஆகாயத்தில் போய்க்கொண்டிருந்தான்.

"பாய், இவன் நீங்க போட்ட ஆளுதான?"

"நான் போட்டதுதான்."

"இவனுக்கு முதுகுப் பக்கம் எப்படி இருக்கும்? அந்தப் பறக்குற துணி எங்கன மாட்டியிருக்கு?"

எனக்கு முன்னால் இருந்தவர் வரைந்ததைப் பார்த்துத்தான் நான் வரைந்தேன். வருடா வருடம் அவன் சட்டையின் நிறத்தை மாற்றுவேன். அவன் முதுகைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை.

"அவன் உடுப்பைத் தைக்கப் போறேன். எனக்குத்தான்" என்றார். சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "வருசா வருசம் சீசனுக்கு முன்னாடி ஆபீசர் வந்து பாதுகாப்பு பத்திப் பேசுறாக. பொம்பளைக அம்புட்டுப் பேரும் கண்ணைத் தொறந்துக்கிட்டே தூங்குதுக. நான் வேசம் போட்டுப் போனா, சிரிக்கவாவது முழிச்சிருப்பாக."

அப்போது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. பேருந்தில் வரும்போதும் போகும்போதும், பெரிய ஊர்ப் பிள்ளைகள் இப்படி உடைகளைத் தாங்களே செய்து போட்டுக்கொள்ளும் வீடியோக்களைப் பார்ப்பார். ஒரு நோட்டில் எழுதுவார். பூட்ஸ் என்று எழுதி அடித்திருந்தார். பெல்ட், ஜிப், பளபளா துணி, எல்லாவற்றையும் அடித்திருந்தார். வெடிமருந்து இருக்கும் அறைக்குள் எதெல்லாம் போகக் கூடாதோ அதெல்லாம் சேர்ந்ததுதான் சூப்பர் ஹீரோ என்பது எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது.

நான் ஆசையாக ஒரு சிவப்புச் சாட்டின் துணி வாங்கி வந்தேன். அவர் அதைத் தன் தலைமுடியில் பரபரவென்று தேய்த்து, கட்டிங் மெஷினடியில் கிடந்த காகிதத் துணுக்குகளுக்கு மேலே பிடித்தார். துணுக்குகள் எழும்பி ஒட்டிக்கொண்டன. "இதே துணி ரூமுக்குள்ள வந்தா?" என்று கேட்டுவிட்டு என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். கடைசியில் பருத்திக் காடாத் துணிக்குச் சிவப்புச் சாயம் போட்டோம்.

நெஞ்சில் தீப்பொறிச் சின்னம் வரையலாம் என்றேன். "தீப்பொறியப் போட்டுக்கிட்டா உள்ள போகச் சொல்றீக? மணல் வாளி போடுங்க பாய்" என்றார். வாளிதான் போட்டேன். மேலங்கி தரையில் புரண்டால் கொட்டிக் கிடக்கும் மருந்தைத் தேய்க்கும் என்று அதை இடுப்போடு வெட்டினார். நான் லேபிள்காரன், எனக்கு வயிறு எரிந்தது. முழு உடையையும் அவரே தைத்தார். மேலங்கியை மட்டும் ஓரம் மடித்துத் தருகிறேன் என்று நான் வாங்கி வந்தேன்.

அதன் கழுத்தில் கட்ட நாடா வைத்திருந்தார். அது பார்க்கப் பாவாடை நாடா மாதிரி இருந்தது. நாடாவை எடுத்துவிட்டு, மடிப்புக்கு உள்ளே வெளியே தெரியாதபடி ஒரு இரும்பு பிரஸ் பட்டன் வைத்துத் தைத்தேன். அவரிடம் சொல்லவில்லை. இத்தனை நாள் அவரோடு உட்கார்ந்து பேசியும் எனக்கு அவ்வளவுதான் ஏறியிருந்தது.

ஆபீசர் பேச வந்த அன்று கம்பெனி கேட் வரைக்கும் நானும் போனேன். உள்ளே போகும் முன், உங்களுக்குச் செய்வதுபோலவே தன் உடையையும் தையல் தையலாகத் தடவினார். கழுத்தில் விரல் நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்தார். மேலங்கியைக் கழற்றி மடித்து வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனார்.

உள்ளே நடந்தது உங்களுக்குத் தெரியும். "என்னக்கா, மொளகாப் பழம் மாதிரி வந்திருக்கீக" என்று நீங்கள் சிரித்ததும், "பறக்குற துணியில இரும்பு பட்டன் இருந்துச்சு, அதான் வாசல்லயே விட்டுட்டேன்" என்று அவர் சொன்னதும், அதைக் கேட்டு ஒவ்வொருவரும் தன் சேலையைத் தடவிப் பார்த்ததும் எனக்கு ஊரார் சொல்லித்தான் தெரியும்.

அக்கா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு அச்சகத்துக்கு வந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். "பாத்தீகளாக்கா, என் பட்டன்னாலதான் எல்லாரும் தடவிப் பாக்குறாக" என்றேன்.

"நான் தடவிப் பாக்கலைன்னா?" என்றார்.

அவரே மெதுவாகச் சொன்னார்: "அழகா இருக்கட்டும்னுதான் எங்க மூத்தவளும் ரூமு வெடிச்ச அன்னைக்கு நைலக்ஸ் சேலை கட்டிட்டு வந்தா. கல்யாண வீட்டுக்கு எடுத்த சேலை."

அவருக்கு ஒரு அக்கா இருந்ததே எனக்கு அதுவரை தெரியாது. அப்போது மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நான், "டீ சொல்லட்டுமா?" என்று கேட்டேன். "சொல்லுங்க" என்றார். குடித்தோம்.

துக்க வீட்டில் உங்களில் அவர் அறைப் பெண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். "ஊரு பூராவும் ஊசி தேடுற அக்கா, தான் தச்ச துணியில பட்டன் வச்சதை மறந்துட்டு வந்துச்சே" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் அழுகைக்கு நடுவே சிரித்தார்கள். இரண்டு வருடமாக இதைச் சொல்லித்தான் அவரைக் கேலி செய்தார்களாம். அவர் ஒருநாளும் மறுக்கவில்லையாம். யார் வைத்தது என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் ஆண்கள் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றும் வாயைத் திறக்கவில்லை.

அக்கா என்னிடம் விட்டுப் போனது, அவர் சொல்லாமல் விட்ட என் பெயர். அதை நான் வைத்துக்கொண்டு என்ன செய்ய? அவர் எதையும் மறக்கவில்லை, தாய்மார்களே. அந்த பட்டனை வைத்துத் தைத்தவன் நான்தான்.