செல்வராணியின் மாடிக்கு நான் அனுப்பிய நிழல்

செல்வராணியின் பிழைப்பைக் கெடுத்தவள் நான்தான். கை தவறிச் செய்யவில்லை. திட்டமிட்டு, தண்ணீர் ஊற்றி, மூன்று வருடம் வளர்த்துக் கெடுத்தேன்!

பழிவாங்குவதற்காக ஒரு மரத்தை வைக்கலாம் என்று உங்களுக்கு என்றைக்காவது தோன்றியிருக்கிறதா? எனக்குத் தோன்றியது.

பாளையம்பட்டியில் எங்கள் வீடும் அவள் வீடும் பக்கத்துப் பக்கத்தில். நடுவில் ஒரு சுவர். கிழக்கே அவள், மேற்கே நாங்கள். என்னைவிட இளையவள். வாய் நிறைய ‘அக்கா’ என்று கூப்பிடுவாள்.

என் மகள் கௌசல்யாவுக்குச் சிறு வயதில் வலிப்பு வரும். பிறகு நின்றுபோயிற்று. அது தெருவில் யாருக்கும் தெரியாது, செல்வராணியைத் தவிர. பிள்ளைக்கு வாயில் நுரை தள்ளியபோது தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவளே அவள்தான்...

மகள் வளர்ந்து, நல்ல இடத்தில் சம்பந்தம் பேசி, பூவும் வைத்தாயிற்று. மாப்பிள்ளையின் தாயார் வழக்கம்போலப் பக்கத்து வீட்டில் விசாரித்திருக்கிறாள். செல்வராணி உள்ளதைச் சொல்லிவிட்டாள். கல்யாணம் நின்றது. சொன்னது யார் என்பதையும் தரகர் என் காதில் போட்டுவிட்டுப் போனார்.

கௌசல்யா சோறு தண்ணீர் இல்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். நான் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து ஒன்றே ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். செல்வராணி அழ வேண்டும். அதைப் பக்கத்திலிருந்து நான் பார்க்க வேண்டும்.

சண்டைக்குப் போகவில்லை. திட்டித் தீர்த்தால் கோபம் ஆறிவிடும். ஆறக் கூடாது! சிரித்த முகத்தோடு பழகினேன், காத்திருந்தேன்.

செல்வராணி இட்லி மாவு அரைத்து விற்பவள். கிரைண்டரும் பெரிய ஃபிரிட்ஜும் ஓயாமல் ஓடும்; வருகிற லாபத்தைக் கரண்ட் பில் தின்றுவிடும். மாடியில் சோலார் போட்டால் அரசாங்கம் மானியம் தருகிறது என்று கேள்விப்பட்டு, நகையை அடகு வைத்து வேலையை ஆரம்பித்தாள்.

பலகைகளைப் பொருத்த வந்த ஆள் அவளிடம் பேசியது, என் மாடியில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“வெயிலுக்கு இந்த ஊர்ல பஞ்சமில்லக்கா. நெழலு மட்டும் விழாமப் பாத்துக்கங்க. ஒரு ஓரத்துல விழுந்தாலும் மொத்த வரிசையும் படுத்துரும்.”

மறுநாளே பஸ் ஏறி அருப்புக்கோட்டைக்குப் போனேன். எது சீக்கிரம் உயரும் என்று நர்சரியில் கேட்டு ஒரு மலைவேம்புக் கன்றை வாங்கி வந்து, அவள் வீட்டுப் பக்கத்துச் சுவரோரம் நட்டேன்.

மானியம் பேங்கில் விழுந்த அன்று செல்வராணி தெருவுக்கே கேசரி கிண்டிக் கொடுத்தாள். எங்களையும் மானியத்துக்கு எழுதிப் போடச் சொன்னாள். கூடவே வந்து எல்லாம் முடித்துத் தருவதாகவும் சொன்னாள். கேசரியை வாங்கித் தின்றேன். கன்று நட்ட கையால்தான் தின்றேன்!

வெயில் காய்ச்சி எடுக்கிற இந்தச் சீமையில் நிழலைச் சந்தேகப்படுவார் உண்டா? தெருவே என்னை மெச்சியது. எதிர்வீட்டு வாத்தியார் என்னைக் காட்டித் தன் மருமகளுக்குப் புத்தி சொன்னாராம். குடிக்கிற தண்ணீரையே விலைக்கு வாங்குகிற ஊரில், அரிசி கழுவியதையும் துணி அலசியதையும் சேர்த்து வைத்து ஊற்றினேன்.

இடையில் எனக்கு ஓர் ஆபரேஷன். கோடை முற்றியிருந்த நேரம். மதுரை ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, வயிற்று வலியைவிட மரம் காய்ந்துபோகுமே என்றுதான் கவலைப்பட்டேன். திரும்பி வந்து பார்த்தால் முன்னைவிடப் பச்சையாக நின்றது. நான் இல்லாத நாளெல்லாம் செல்வராணி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தண்ணீர் ஊற்றியிருக்கிறாள்.

நியாயமாக அன்றே என் மனம் உடைந்திருக்க வேண்டும்... நீங்களாக இருந்தால் உடைந்திருப்பீர்கள். நான் சந்தோஷப்பட்டேன்.

மூன்றாம் வருடம் நிழல் சுவரைத் தாண்டியது. உச்சி சாய்ந்ததும் அவள் மாடி இருண்டுவிடும். அடங்கியிருந்த பில் பழையபடி ஏறியது. பலகை பொருத்திய ஆளைக் கூட்டி வந்து காட்டினாள். அவன் மரத்தைக் கைகாட்டிவிட்டுப் போனான்.

தயங்கித் தயங்கி வந்து நின்றாள். “மரத்த வெட்டச் சொல்லலக்கா. எங்க பக்கத்துக் கெளைய மட்டும் கழிச்சுக்கிடவா?”

“வளத்த மரத்துல அருவா வைக்க மனசு வரல தாயி” என்றேன். அவளும் ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்டாளே, பாவி!

அடகு வைத்த நகை மூழ்கிப்போனது. ஃபிரிட்ஜை விற்றாள். இப்போது மில் வேனில் ஏறி வேலைக்குப் போகிறாள். நான் மாடியில் நின்று பார்ப்பேன்.

போன மாதம் ஒரு சாயங்காலம் என் அடுப்படி வாசலில் வந்து உட்கார்ந்தாள். 

“கௌசல்யா விசயத்த அவுகள்ட்ட நாந்தான்க்கா சொன்னேன். மறச்சுக் கட்டிக்குடுத்தா நாளப்பின்ன பிள்ளதான் சீரழியுமேன்னு நெனச்சேன். உங்கள்ட்ட சொல்லத் தைரியம் வரல. அந்தப் பாவந்தான் என் பொழப்புல விழுந்துருச்சு. சாமி குடுத்தத வாங்கிக்கிடுறேன்.”

சாமிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? மரத்தை எதற்கு வைத்தேன் என்று சொல்லியிருக்கலாம். இத்தனை வருடம் சுமந்ததை அவள் என் முன்னால் இறக்கி வைத்துவிட்டாள். நானும் வாயைத் திறந்திருந்தால் போதும்... திறந்தேன்.

“அதெல்லாம் நான் அன்னைக்கே மறந்துட்டேன் தாயி.”

அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன். காபி போட்டுக் கொடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் பார்க்க விரும்பிய அழுகை அதுதான். ஆனாலும் எனக்குப் போதவில்லை!

யாருக்காக இந்த வஞ்சம்? கௌசல்யா மல்லாங்கிணற்றில் நன்றாக வாழ்கிறாள். வலிப்பு வந்த கதையை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு கட்டியவர் அவள் புருஷன். தலைப்பிரசவத்தில் மறுபடி வலிப்பு வந்தபோது பதறாமல் பார்த்துக்கொண்டவரும் அவர்தான். மறைத்துக் கட்டிக் கொடுத்திருந்தால்?... செல்வராணி நினைத்தது சரியாகிவிட்டது. அதைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

அவள் போன பிறகு அரிவாளை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனேன். நம்புங்கள், வெட்டத்தான் போனேன். வெட்டினால், அன்றைக்கு மனசு வரவில்லை என்றீர்களே, இன்றைக்கு ஏன் வெட்டினீர்கள் என்று கேட்பாளே... என்ன பதில் சொல்வேன்?

எங்கள் வாசல் பக்கம் தாழ்ந்திருந்த ஒரு கிளையைக் கழித்தேன். அவள் பக்கத்துக் கிளைகளைத் தொடவில்லை.