ராக்கெட் கையாட்டிய கதை

தீயணைப்பு நிலையத்தில் அவளுக்கு ராக்கெட் என்று பட்டப்பெயர் வைத்தது யார் என்று கேட்டால், ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். காரணத்தில் மட்டும் எல்லோருக்கும் ஒரே பேச்சு. மணி அடித்ததும் மற்றவர்கள் பூட்ஸுக்குள் காலை விட்டுக்கொண்டிருப்பார்கள், அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்து, "என்ன, மாப்பிள்ளை அழைப்புக்கா கிளம்புறீங்க? சீக்கிரம் வாங்கப்பா!" என்று கத்திக்கொண்டிருப்பாள். ஒருமுறை ஹெல்மெட்டையே மறந்துவிட்டு ஏறியிருக்கிறாள். அதைச் சொன்னால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நாமும் சொல்ல வேண்டாம்.

வீட்டிலும் இதே கூத்துதான். கணவர் தையல்காரர், நிதானமானவர். அவர் ஒரு பட்டனைத் தைத்து முடிப்பதற்குள் இவள் சமைத்து, சாப்பிட்டு, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள், அவருடைய தட்டையும் சேர்த்து. "நான் இன்னும் சாப்பிடவே இல்லையேம்மா" என்று அவர் சொல்லும்போதுதான் நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

இப்படிப்பட்டவள் கையில் போய் வெப்பக் கேமராவைக் கொடுத்தார்கள். புகை கண்ணை மறைத்தாலும், சூடுள்ளதையெல்லாம் திரையில் வெள்ளை வெள்ளையாகக் காட்டிக்கொடுக்கும் கருவி. பெட்டியைப் பிரித்த அன்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தேநீர்க் குவளையைப் பார்த்தாள், வண்டி எஞ்சினைப் பார்த்தாள். கடைசியில் நிலைய அதிகாரியின் வழுக்கைத் தலையைப் பார்த்து, "சார், நீங்கதான் சார் ரொம்பப் பிரகாசம்!" என்றாள்.

அதிகாரி சிரிக்கவில்லை. "இது வழிகாட்டத்தான், நம்மளைத் தூக்கிட்டுப் போக இல்ல. தவழ்ந்துதான் போகணும். கை சுவத்தை விடக் கூடாது. திரையில தரை நல்லாத் தெரியுதேன்னு காலை வைக்காதீங்க, தட்டிப் பாருங்க. சூட்டுல இது எப்ப வேணா அணைஞ்சு போகும். அப்புறம் கையும் சுவரும்தான் துணை" என்றார். ராக்கெட் "சரி சார், சரி சார்" என்றாள். ஒரு காதில் வாங்கி மறு காதில் விடக்கூட இல்லை, வாங்கவே இல்லை.

மறுநாள் பயிற்சிக்கூடத்தில் புகையை நிரப்பி, உள்ளே ஒரு பொம்மையை ஒளித்து வைத்தார்கள். அவளுக்குத் துணையாக ஆமையை அனுப்பினார்கள். ஆமை என்பது அவளைவிட இளைய தீயணைப்பு வீரன். எதையும் யோசித்து, மறுபடியும் யோசித்துச் செய்பவன். ராக்கெட் நிமிர்ந்து நின்று, திரையில் கண்ணைப் பதித்து, விடுவிடுவென்று நடந்தாள். சற்று நேரத்தில் வெளியில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி, "ஆள் கிடைச்சாச்சு! உயிரோட இருக்கார்! கையை ஆட்டுறார்!" என்று கத்திக்கொண்டு பாய்ந்தாள். டமார்!

அது பளபளப்பான ஸ்டீல் பீரோ. பளபளப்பான உலோகத்துக்கு முன்னால் போனால் கேமரா நம்மையே நமக்குக் காட்டும். அவள் ஆட்டிய கைக்கு அவளே பதிலுக்குக் கையாட்டியிருக்கிறாள். புகை கலைந்தபோது, காப்பாற்ற வேண்டிய பொம்மையின் வயிற்றில் ஏறி நின்றுகொண்டிருந்தாள்.

"உங்களையே நீங்க காப்பாத்தினீங்களே, ஒரு நன்றியாவது சொன்னீங்களா?" என்று அதிகாரி கேட்க, நிலையமே வயிறு வலிக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் அவள் நடை தானாக மெதுவானது. மிதிபட்டது பொம்மை. நிஜ ஆளாக இருந்திருந்தால்? தன் உருவத்தைத் துரத்திக்கொண்டு ஓடி, ஓர் உயிரை விட்டுவிட்டு வந்தால் அப்புறம் எந்த முகத்தோடு வெளியே வருவது?

அன்றிலிருந்து வீட்டில் கண்ணைக் கட்டிக்கொண்டு, சுவரைத் தடவிக்கொண்டு தவழ ஆரம்பித்தாள். பள்ளி விட்டு வந்த மகள் வாசலிலேயே நின்று, "அப்பா, அம்மாவுக்கு என்னாச்சுப்பா?" என்றாள். "நிதானம் வந்திருக்குடா. பயப்படாத, போயிடும்" என்றார் தையல்காரர்.

பீரோவுக்குக் கையாட்டிய விஷயத்தை ஆமை சலவைக்கடையில் போட்டு உடைத்துவிட்டான். நிலையத்துச் சீருடைகள் எல்லாம் வெளுப்பது பின்தெருவில் இருந்த அந்தக் கடையில்தான். அங்கே இஸ்திரி போடுகிறவர் வாயாடி மனுஷர். அவள் தலை தெரிந்தாலே இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, இரண்டு கையையும் தூக்கி ஆட்டுவார். "போதும்ணே, விடுங்கண்ணே" என்று அவள் கெஞ்சக் கெஞ்ச இன்னும் வேகமாக ஆட்டுவார்.

ஒரு மத்தியானம் மணி அடித்தது. தீ அதே சலவைக்கடையில். வேலைக்காரர்கள் எல்லோரும் தெருவுக்கு ஓடி வந்துவிட்டார்கள். பின்கூடத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கத் திரும்பிப் போன இஸ்திரிக்காரர் மட்டும் வரவில்லை.

ராக்கெட் தவழ்ந்து போனாள். ஒரு கை சுவரில், ஒரு கையில் கேமரா. பின்னாலேயே தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு ஆமை. பின்கூடத்துக்குள் திரும்பித் திரையைப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. துணி உலர்த்தும் பெரிய இயந்திரங்கள் வரிசையாக நிற்க, அவற்றின் ஸ்டீல் கதவுகளில் எல்லாம் வெள்ளை வெள்ளையாகக் குனிந்த உருவங்கள்! சில கதவில் ஒருவர், சில கதவில் இருவர். ஒரு ஊரே உட்கார்ந்து அவளை வேடிக்கை பார்த்தது. இதில் இஸ்திரிக்கார அண்ணன் எங்கே? ஒவ்வொரு கதவாகப் போய்த் தொட்டுப் பார்க்கும்வரை அவருக்கு மூச்சு இருக்குமா?

பாய்ந்து பழகியவள் அப்படியே நின்றாள். தோளைச் சுவரோடு அழுத்திக்கொண்டாள். கையை எடுத்து, தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாள், ஆமையையும் ஆட்டச் சொன்னாள்.

கதவில் இருந்தவர்கள் எல்லாம் ஆட்டினார்கள். கோடியில், தரையோடு தரையாகச் சுருண்டிருந்த ஒன்று மட்டும் ஆட்டவில்லை.

"ஆட்டல! ஆமை, அவர் கையை ஆட்டல!" முகமூடிக்குள்ளேயே அவள் கூவினாள். சந்தோஷத்தில் குரல் உடைந்தது.

"யாருக்கா?"

"அண்ணன்டா! சுவத்தைப் பிடிச்சுக்கிட்டே வா!"

குறுக்கே போனால் நாலு எட்டுதான். கால் துடித்தது. ஆனாலும் சுவரை ஒட்டியே, தரையைத் தட்டித் தட்டிச் சுற்றிக்கொண்டு போனாள். கூடத்தின் நடுவில் கழிவுநீர்க் குழி மூடியில்லாமல் திறந்து கிடந்தது பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்தது. இஸ்திரிக்காரர் ஈரத்துண்டை இரண்டு கையாலும் முகத்தில் அழுத்திக்கொண்டு கிடந்தார். அவரைப் பற்றி இழுத்த நேரம் பார்த்துத் திரையும் அணைந்தது. அணைந்தால் என்ன? குழாயைத் தடவிக்கொண்டே இருவரும் அவரை வெளியே இழுத்து வந்தார்கள்.

தெருவில் ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். அவர் கண்ணைத் திறக்கவில்லை. "அண்ணே… அண்ணே…" என்று கரி அப்பிய முகத்தோடு அவள் பக்கத்தில் மண்டியிட்டாள்.

கண் திறக்காமலே, அவருடைய இரண்டு கைகளும் மெல்ல எழுந்து, ஆடின.

ராக்கெட் ஓவென்று அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள், நடுத்தெருவில் எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கிப் பதிலுக்கு ஆட்டினாள். ஆமையும் ஆட்டினான். வழுக்கை மின்ன அதிகாரியும் ஆட்டினார்.

"நல்லவேளைண்ணே," என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இதை உள்ளேயே பண்ணியிருந்தீங்கன்னா, நான்தான்னு நினைச்சு உங்களை விட்டுட்டுப் போயிருப்பேன்!"